மோட்டார்க் கம்மியர் சான்றிதழ்: செலவும் பலனும்

சென்ற மாதம் ஒரு மாலை, பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவாளர் அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். நெடுங்காலச் சங்க அங்கத்தினர். இரண்டு விசைத்தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்து குடும்பம் நடத்துபவர். அவருடைய மூத்த மகன் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறான். தறியடியில் நிற்க அவனுக்கு விருப்பமில்லை. மோட்டார் வண்டி பழுது பார்க்கும் தொழிலைக் கற்க வேண்டும் என்கிறான். தனியார் பயிற்சி நிலையம் ஒன்றின் ஆட்கள் வீட்டிற்கே வந்து, "இரண்டு வருஷம் படித்தால் கம்பெனியில் வேலை நிச்சயம்" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தால் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கவே அவர் வந்தார்.

கடன் கிடைக்கும் என்று சொன்னோம். ஆனால், கடன் கிடைக்குமா என்பது ஒரு கேள்வி. வாங்கலாமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் இவரைப் போன்ற பெற்றோர் பலர், நெசவாளரும் விவசாயிகளும், ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் இதே நிலையில் நிற்கிறார்கள். ஆதலின் அந்தக் கேள்வியை அவர்கள் சார்பில் நாமே கேட்டுப் பார்ப்பது முறையென்று கருதுகிறோம்.

சான்றிதழ் எது?

முதலில், சான்றிதழ் என்ற பெயரில் வழங்கும் காகிதங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இந்திய அரசாங்கம் 1950ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் நாடெங்கும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரே பாடத்திட்டம் நடத்தப்படுகிறது. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு நடக்கிறது. அதில் தேறியவனுக்குக் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். மோட்டார் வாகனக் கம்மியர் பிரிவுக்குக் காலம் இரண்டு ஆண்டுகள். டீசல் கம்மியர் பிரிவுக்கு ஓராண்டு. பயிற்சி பெற்ற நிலையம் அரசினருடையதாயினும் தனியாருடையதாயினும், அங்கீகாரம் இருக்குமானால் சான்றிதழ் ஒன்றே.

இதற்கு வெளியே, மூன்று மாதம், ஆறு மாதம் என்று நடத்தி, அழகாக அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பவர்களும் உளர். அவற்றில் கற்பிப்பது பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேசியத் தொழிற்சான்றிதழ் கேட்கும் இடத்தில் அந்தத் தாள் செல்லாது. ஆகவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இந்த நிலையத்தில், இந்தப் பிரிவுக்கு, இந்த ஆண்டுக்கு அங்கீகாரம் உண்டா?" என்பதே. வாய்ச்சொல்லை ஏற்காமல், அங்கீகார ஆணையையே காட்டச் சொல்ல வேண்டும். நூல் வாங்கும்போது சிட்டத்தை எடுத்து நிறுத்துப் பார்க்கிறோம். கயிறு திரித்துப் பார்க்கிறோம். பிள்ளையின் இரண்டு வருஷத்தை விலையாகக் கொடுக்குமிடத்தில் அவ்வளவு எச்சரிக்கை கூடாதா?

செலவுக் கணக்கு

இனிச் செலவைப் பார்ப்போம். பெற்றோர் பலர் கட்டணத்தையே செலவென்று எண்ணுகின்றனர். கட்டணம் செலவின் ஒரு பகுதியே. கடனுக்கு வட்டி உண்டு. அதைவிடப் பெரியது, அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவராமற்போகும் வருமானம்.

கணக்கிற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இவை நம் உத்தேசமேயன்றி எந்த நிலையத்தின் கட்டணமும் அல்ல. அவரவர் தம் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தனியார் நிலையத்தில் இரண்டு ஆண்டுகளுக்கும் கட்டணம், பேருந்து எல்லாம் சேர்த்து ரூ.60,000 என்க. அதைக் கடனாக வாங்கி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் இரண்டு ஆண்டு வைத்திருந்தால் வட்டி ரூ.14,400. பையன் வீட்டிலிருந்து தார் சுற்றியும், தறிக்குத் துணையாக நின்றும், வயலில் உதவியும் மாதம் ரூ.5,000 மதிப்புள்ள வேலை செய்வான் என்றால், 24 மாதங்களில் இழப்பது ரூ.1,20,000. ஆக மொத்தச் செலவு ரூ.1,94,400.

சான்றிதழ் பெற்றதனால் அவன் சம்பளம், அது இல்லாதவனுடைய சம்பளத்தைவிட மாதம் ரூ.3,000 மிகுதியாயிருக்குமானால், இந்தச் செலவு மீள ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஐந்து மாதம் பிடிக்கும். மிகுதி ரூ.1,000 மட்டுமே என்றால் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அவனுடைய பிள்ளையே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடுவான்.

இப்போது அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அங்கே பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகையும், மிதிவண்டி, பாடநூல், சீருடை, காலணி, பேருந்துச் சலுகை ஆகியவையும் அளிக்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழும் (2024), மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்தின்கீழும் (2022) மாதம் ரூ.1,000 வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்வோரும் அவற்றில் அடங்குவர். இவ்விரண்டும் 24 மாதமும் தவறாமல் கிடைக்குமாயின் ரூ.42,000 ஆகும். வட்டியில்லை, கடனில்லை. இழந்த வருமானமாகிய ரூ.1,20,000இல் இதைக் கழித்தால் நிற்பது ரூ.78,000. அதே ரூ.3,000 மிகுதிச் சம்பளத்தில் அது இரண்டு ஆண்டு இரண்டு மாதத்தில் மீண்டுவிடும்.

சான்றிதழ் ஒன்றே, பாடத்திட்டம் ஒன்றே, தேர்வும் ஒன்றே. ஒரு வழியில் ஐந்து ஆண்டுக்கு மேல். மற்றொரு வழியில் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். இவ்வளவு வேறுபாடு இருக்கையில், முதல் வழியை நாடுவோர் பலரும் இரண்டாவதை விசாரித்துப் பார்க்காமலே நாடுகின்றனர் என்பதே நமக்குள்ள வருத்தம். தனியார் நிலையத்தார் வீடு தேடி வருகிறார்கள். அரசினர் நிலையம் வீடு தேடி வருவதில்லை. அதற்கு இணைய வழியில் குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வுக்குப் போக வேண்டும். அந்தக் கலந்தாய்வின் வழியாகவே தனியார் நிலையங்களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு என்பதைப் பலர் அறியார். நாள் கடந்தபின் கைப்பணத்தோடு போவதற்குத் தனியார் கதவு ஒன்றே திறந்திருக்கிறது.

பலன் எங்கே கிடைக்கும்?

செலவு ஒருபுறம் இருக்கட்டும். மாதம் ரூ.3,000 மிகுதி என்று எழுதினோமே, அது உண்மையில் கிடைக்குமா? இதற்கு ஒரே விடை கூற இயலாது. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

திருத்தணி மலையடிவாரத்திலும், சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள பட்டறைகளில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வந்த வண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கிக் கிளட்சு தேய்ந்து நிற்கும்போது, அதன் சொந்தக்காரர் பார்ப்பது மெக்கானிக்கின் கையையே. சுவரில் மாட்டிய சட்டத்தை அன்று. கரும்பு ஏற்றிய டிராக்டர் வழியில் நின்றுவிட்டால், ஆலை முறை தவறுமுன் அதை ஓடவைப்பவனே மெக்கானிக். இவ்வகைத் தொழிலைச் செய்வதே நோக்கமென்றால் சான்றிதழ் தனியே ஒரு ரூபாயும் மிகுதியாகத் தராது. அதற்காக நகையை அடகு வைப்பது தகாது.

மற்றொரு வகைக் கதவுகள் உண்டு. இரயில்வேயின் தொழில்நுட்பப் பணிகளுக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனை வேலைகளுக்கும், பெரிய ஆலைகளின் பயிற்சியாளர் இடங்களுக்கும் சான்றிதழ் இல்லாதவன் விண்ணப்பமே போட முடியாது. அங்கே சான்றிதழ் சம்பளத்தைக் கூட்டுவது அன்று; உள்ளே நுழைய விடுவது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் தோன்றியதிலிருந்தும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டதிலிருந்தும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை நோக்கி நம் இளைஞர் கண் திரும்பியிருப்பது இயல்பே. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்துச் சத்தியவேடு பக்கத்தில் ஸ்ரீசிட்டி இருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு நடந்த போராட்டத்தைப் பெரியோர் அறிவர். ஆனால் தேசியத் தொழிற்சான்றிதழுக்கு எல்லைக்கோடு கிடையாது. தமிழும் தெலுங்கும் பேசும் நம் வட்டாரப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வழி திறந்திருப்பது ஒரு நன்மை.

இங்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வண்டி செய்யும் ஆலை வேறு. வண்டி பழுது பார்க்கும் தொழில் வேறு. ஆலையின் வரிசையில் நிற்பவன் நாள் முழுதும் ஒரே திருகாணியை முடுக்க நேரலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டாமலே போகலாம். ஒப்பந்த அடிப்படையில் சிலகாலம் வைத்திருந்து விடுவிப்பதும் ஆலைகளில் உண்டு. ஆலையும் நிலையானதன்று. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளிவந்தது. "கம்பெனி வேலை நிச்சயம்" என்று எவரேனும் சொன்னால், எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், எத்தனை மாதம் என்று எழுதிக் கொடுக்கும்படி கேட்பதில் குற்றமில்லை.

சான்றிதழோடு நின்றுவிடாமல் ஒரு படி மேலே போகவும் வழியுண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பழகுநரை எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. 2019இல் திருத்திய விதிகள், தொழிற்சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு மாதம் குறைந்தது ரூ.7,000 உதவித்தொகை என்று நிர்ணயித்தன. பழகுநர் காலத்தை முடித்தவனிடம் இரண்டு சான்றிதழ்களும் உண்மையான வண்டிகளில் பழகிய கையும் இருக்கும். மேலே படிக்க விரும்புவோர், பத்தாம் வகுப்போடு இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்திருந்தால், பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்றுமாதத் தாளுக்கு இவ்வழிகள் இல்லை.

பட்டறைப் படிப்பு போதாதா?

"என் அப்பன் எனக்குத் தறியைக் கற்றுக்கொடுத்தபோது எந்தச் சான்றிதழைக் கொடுத்தான்?" என்று நம்மிடம் வந்த அன்பர் இடையில் ஒரு சொல் சொன்னார். நியாயமான சொல். நல்ல பட்டறைக்காரரிடம் நான்கு ஆண்டு இருந்தவனுக்கு எஞ்சின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் திறம் வந்துவிடுகிறது. அந்தப் படிப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் அந்த அன்பரே குழித்தறியில் கற்று விசைத்தறிக்கு மாறியவர். அந்த மாற்றத்தில் யார் தேறினார், யார் தவித்தார் என்பதை நம் பேட்டைகள் கண்கூடாகப் பார்த்திருக்கின்றன. கையும் காலும் பழகியிருந்தது எல்லோர்க்கும் பொது. மோட்டாரும் மின்சாரமும் எப்படி வேலை செய்கின்றன என்று அறிந்தவர்கள் தறி நின்றால் தாமே சரிசெய்து கொண்டனர். அறியாதவர்கள் மெக்கானிக் வரும்வரை காத்திருந்து கூலியை இழந்தனர்.

இன்று வண்டியிலும் அதே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதனோடு புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. எரிபொருளை அளந்து விடுவது இப்போது ஒரு சிறு கணிப்பொறி. அதற்குச் செய்தி சொல்வது சென்சார்கள். திருகாணியைத் திருப்பி ஓசையைச் சரிசெய்த கைக்கு இங்கே வேலை குறைவு. கருவியைப் பூட்டிப் பிழைக்குறியைப் படிக்க வேண்டும். மின்சுற்றின் படத்தைப் பார்த்து அறுந்த கம்பியைத் தேட வேண்டும். மின்சார வண்டியிலோ எஞ்சின் எண்ணெயும் இல்லை; ஸ்பார்க் பிளக்கும் இல்லை. தொழிற்பயிற்சித் திட்டத்தில் மின்வாகனக் கம்மியர் என்று தனிப் பிரிவே ஏற்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடியில் புதிய கருவிகளோடு மேம்படுத்தும் திட்டமும் இதைக் கருதியே வகுக்கப்பட்டது.

ஆகவே, பட்டறையா பயிற்சி நிலையமா என்று ஒன்றையொன்று எதிர்த்து நிறுத்துவது சரியன்று. நிலையத்தில் படிக்கும் பிள்ளை விடுமுறை நாள்களில் பட்டறையில் கைபழக வேண்டும். பல ஆண்டு பட்டறையில் இருந்து சான்றிதழ் இல்லாதவர்க்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ் சோதித்துச் சான்று அளிக்கும் ஏற்பாடு 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் அமைந்தது. அது இரண்டாண்டுச் சான்றிதழுக்கு ஈடாகாது. எனினும் கற்ற கையை ஒருவர் சோதித்து ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாகும்.

நம் கருத்து

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நாம் கொண்ட முடிவு இது: மோட்டார்க் கம்மியர் சான்றிதழ் பெறத்தக்கதே, ஆனால் கடன்பட்டுப் பெறத்தக்கதன்று. அரசினர் நிலையத்திலோ அரசு ஒதுக்கீட்டிலோ இடம் கிடைத்தால் தயங்காமல் சேர்க்கலாம். இந்த ஆண்டு கிடைக்காவிட்டால், ஓராண்டு பட்டறையில் கைபழகி அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பது, நகையை அடகு வைப்பதைக் காட்டிலும் நல்லது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு போவதால் குடி முழுகிப்போகாது. கட்டாயம் தனியாரிடமே சேர்க்க நேர்ந்தால், அங்கீகாரத்தையும், சென்ற ஆண்டு தேறியவர் இருவரையேனும் நேரில் கண்டு அவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் விசாரித்தபின் பணம் கட்டவேண்டும். பெண்பிள்ளைகள் இத்தொழிலில் விருப்பம் காட்டினால் பெற்றோர் தடை சொல்லலாகாது. பிழைக்குறியைப் படிக்கும் வேலைக்குத் தோள்வலி தேவையில்லை.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. நகைக் கடன் கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒருவர் அமர்ந்து, அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். இதற்கு ஒரு மேசையும் ஒரு கணிப்பொறியும் போதும். கடன் கொடுப்பதானால், படிப்பின் தொடக்கத்தில் கட்டணத்திற்குக் கொடுப்பதைவிட, படிப்பின் முடிவில் கருவிப்பெட்டி வாங்கக் கொடுப்பது மேல். கருவி வாங்கியவன் மறுநாளே சம்பாதிக்கத் தொடங்குகிறான். கட்டணம் கட்டியவன் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். வாடகை டிராக்டர்கள் வைத்திருக்கும் கடன் சங்கங்கள் அவற்றைப் பழுது பார்க்கும் வேலையைப் பயிற்சி முடித்த அங்கத்தினர் மக்களுக்குத் தரலாம். நாம் நெய்த துணியை நாமே விற்கச் சங்கம் கண்டோம். நம் பிள்ளைகள் கற்ற தொழிலுக்கு முதல் வேலையைக் கொடுக்கவும் அதே சங்கத்தால் இயலும்.

நம்மிடம் வந்த அன்பர் அன்று கணக்கு முழுவதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். தம் மகனோடு உட்கார்ந்து, நம் தொகைகளை நீக்கித் தம் வீட்டுத் தொகைகளை இட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். சங்கிலியைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை. விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டார். அன்பர்கள் ஒவ்வொருவரும், கடன் மனுவை எழுதுமுன், அந்தத் தாளைப் போன்ற ஒன்றைத் தம் வீட்டிலும் எழுதிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.